பிஸ்தா பச்சைப் பசேல்னு இருந்தா, அடுத்த கடைக்குப் போங்க

இத்தாலியில் ஜெலாட்டோ கடை வாசல்ல பெரும்பாலும் ரெண்டு வார்த்தை எழுதியிருக்கும்: ‘ஜெலாட்டோ ஆர்டிஜனாலே’. கைவினைஞர் கையால் செய்த ஜெலாட்டோ என்று அர்த்தம். ரயில் நிலையத்துக்கு எதிரில், டூரிஸ்ட் பஸ் வந்து நிற்கிற இடத்தில் இருக்கும் கடையிலும் அதே வார்த்தைதான். ஒரு சின்னத் தெருவுக்குள்ள, தினமும் காலையில் பால் வாங்கிக் காய்ச்சி, பழம் நறுக்கி, அன்னிக்கு விற்கிறதை அன்னிக்கே செய்கிற கடையிலும் அதே வார்த்தைதான்.

நான் சொல்ல வர்றது ஒன்றே ஒன்று. அந்த வார்த்தையை வச்சு கடையைத் தேர்ந்தெடுக்காதீங்க. நல்ல ஜெலாட்டோவை அடையாளம் காணத் தேவையான எல்லாமே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற உங்களுக்கே தெரியும். நாம முதல் வருஷம் படிச்ச கெமிஸ்ட்ரி போதும். மீதிக்கு ஒரு ஸ்பூன் போதும்.

எதுக்கு நம்ம காலேஜ் இதழில் இது? ஒவ்வொரு வருஷமும் நம்ம சீனியர்ஸ் சிலர் மிலான், டுரின், பதோவான்னு எம்.எஸ். படிக்கப் போறாங்க. இந்த வருஷம் என் கிளாஸ்லயே மூணு பேர் அப்ளை பண்ணியிருக்காங்க. நான் எக்ஸ்சேஞ்சில் ஒரு செமஸ்டர் டுரினில் இருந்தேன். அங்க போறவங்க முதல் வாரமே வாங்கித் தின்னப்போறது இதைத்தான். ஸ்காலர்ஷிப் பணத்தில் வாழ்கிற ஒருத்தருக்கு ஒரு கோன் சும்மா வர்றதில்லை. நல்லதுக்கும் மட்டமானதுக்கும் பெரும்பாலும் ஒரே விலைதான் இருக்கும். அப்போ எதுக்கு மட்டமானதை வாங்கணும்?

சட்டம் என்ன சொல்லுது?

இத்தாலியில் 1985-ம் வருஷம் வந்த 443-ம் எண் சட்டம், ‘கைவினைஞர் நிறுவனம்’ என்றால் எது என்று சொல்கிறது. முதலாளி தானே வேலையில் இறங்கணும், இத்தனை ஆளுக்கு மேல வச்சுக்கக் கூடாது, இப்படி. கடையைப் பற்றிய சட்டம் அது. டப்பாவுக்குள்ள என்ன இருக்கணும் என்று அது சொல்லலை. ‘ஜெலாட்டோ ஆர்டிஜனாலே’ என்ற பெயரில் விற்க இவ்வளவு பால் வேணும், இவ்வளவுக்கு மேல காற்று கூடாது, ரெடிமேட் பவுடர் கூடாது என்று சட்டத்தில் வரையறை கிடையாது. பவுடர் பாக்கெட்டைப் பிரிச்சு, பாலில் கொட்டி, மெஷினில் சுத்தி எடுத்தாலும் அது கடைக்குள்ளேயே செய்ததுதானே! போர்டு மாட்டலாம்.

இதில் வேடிக்கை என்னன்னா, 2012-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் மார்ச் 24-ஐ கைவினை ஜெலாட்டோவுக்கான ஐரோப்பிய நாளாக அறிவிச்சது. அதுக்குன்னு ஒரு நாள் இருக்கு, வரையறை இல்லை. 2021-ல் இத்தாலிய செனட்டர்கள் சிலர், ஜெலாட்டோவில் அளவுக்கு மீறி காற்றை ஏற்றி விற்கிறவங்களுக்கு அபராதம் போடணும் என்று ஒரு மசோதாவைக் கொண்டு வந்தாங்க. ஜெலாட்டோவின் சொந்த நாட்டிலேயே அப்படி ஒரு மசோதா தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிடும்.

சட்டம் பார்த்துக்காத இடத்தில் வாங்குகிறவர் பார்த்துக்கலைன்னா என்ன ஆகும்? 1970-ல் ஜார்ஜ் ஆகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-ல் நோபல் பரிசு வாங்கினவர். அமெரிக்காவில் ஓட்டை காருக்கு ‘லெமன்’ என்று பட்டப்பெயர். செகண்ட் ஹேண்ட் சந்தையில் எது நல்ல கார், எது லெமன் என்று வாங்குறவருக்குத் தெரியாது. அதனால் எதுக்குமே நல்ல விலை கொடுக்க மாட்டார். நல்ல கார் வச்சிருக்கிறவர் அந்த விலைக்கு விற்கப் பிடிக்காமல் சந்தையை விட்டுப் போயிடுவார். கடைசியில் மிஞ்சுவது லெமன் மட்டும்.

ஜெலாட்டோவுக்கும் இது அப்படியே பொருந்தும். தரமான பிஸ்தாவை வறுத்து அரைச்சுப் போடுகிறவருக்கு, பச்சை நிற எசென்ஸ் ஊற்றுகிறவரைவிடச் செலவு பல மடங்கு. ரெண்டு பேரும் ஒரே போர்டு மாட்டி, கிட்டத்தட்ட ஒரே விலைக்கு விற்கிறாங்க. நாம போய் ‘இந்தப் பச்சைதான் நல்லா இருக்கு’ன்னு எசென்ஸ் கடையில் கியூவில் நின்னா, நியாயமா செய்கிறவருக்கு ரெண்டே வழி: அவரும் எசென்ஸுக்கு மாறணும், இல்லை கடையை மூடணும். அதனால்தான் இதை வெறும் ருசி விஷயமா நான் பார்க்கலை. தரத்தைத் தெரிஞ்சு வாங்குறது, நல்லா வேலை செய்கிற ஒருத்தருக்கு நாம கொடுக்கிற கூலி.

முதலில், டப்பாவுக்குள்ள என்ன நடக்குது?

அடையாளம் காணும் வழிகளுக்குப் போறதுக்கு முன்னாடி ஜெலாட்டோவின் அமைப்பு கொஞ்சம் தெரியணும். பால், கொஞ்சம் கிரீம், சர்க்கரை. இதுதான் அடிப்படை. சிலவற்றில் முட்டை மஞ்சள் கருவும் சேரும். இந்தக் கலவையைச் சூடுபடுத்தி பாஸ்சரைஸ் பண்ணுவாங்க. பிறகு 4 டிகிரிக்குக் குளிர்விச்சு சில மணி நேரம் அப்படியே ஊற விடுவாங்க. அப்புறம் மெஷினில் போட்டு, கிளறிக்கிட்டே உறைய வைப்பாங்க. கிளறும்போது உள்ளே காற்று போகும், தண்ணீர் சின்னச் சின்ன பனிப்படிகங்களா மாறும். அந்தப் படிகங்கள் சுமார் 50 மைக்ரானுக்குக் கீழ இருந்தால் நாக்குக்குத் தெரியாது, வழவழன்னு இருக்கும். அதைத் தாண்டினா நறநறன்னு தட்டுப்படும்.

சாதாரண ஐஸ்கிரீமோடு ஒப்பிட்டா மூணு வித்தியாசம். ஒன்று, கொழுப்பு. அமெரிக்க விதிப்படி ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்கணும். ஜெலாட்டோவில் பொதுவா 4-லிருந்து 9 சதவீதம்தான். நாக்கில் கொழுப்புப் படலம் குறைவா இருக்கிறதால் பழத்தின், பருப்பின் ருசி சீக்கிரம் தெரியும். ரெண்டு, வெப்பநிலை. ஐஸ்கிரீமை மைனஸ் 18 டிகிரியில் வச்சிருப்பாங்க. ஜெலாட்டோவைப் பரிமாறுவது மைனஸ் 12, மைனஸ் 14 அளவில். அதனால்தான் ஸ்கூப்பால் உருட்டாமல் தட்டையான கரண்டியால் வழிச்சுத் தர முடியுது.

மூணாவது காற்று. இதுதான் முக்கியம். ஒரு லிட்டர் கலவை உறைஞ்சு வெளியே வரும்போது 1.3 லிட்டர் ஆனா, 30 சதவீதம் காற்று ஏறியிருக்கு என்று சொல்வாங்க. ‘ஓவர்ரன்’ என்பது அந்தக் கணக்குக்குப் பெயர். நல்ல ஜெலாட்டோவில் அது சுமார் 20-லிருந்து 35 சதவீதம். மலிவான ஃபேக்டரி ஐஸ்கிரீமில் 100 சதவீதம் வரை போகும், அதாவது ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் கலவை சுமார் 1.1 கிலோ எடைன்னு வச்சுக்குங்க. 30 சதவீதம் காற்று ஏறினதில் ஒரு லிட்டர் 850 கிராம் கிட்ட இருக்கும். 100 சதவீதம் ஏறினதில் 550 கிராம்தான். ரெண்டு கப்பும் பார்க்க ஒரே அளவுதான். இத்தாலியில் வீட்டுக்கு வாங்கிப் போகும் டப்பாவைக் கிலோ கணக்கில் எடை போட்டு விற்பாங்க. கோனும் கப்பும் அளவுக் கணக்கு. அப்போ காற்று யாருக்கு லாபம்னு நீங்களே பாருங்க. கப்பைக் கையில் வாங்கினதும் அதன் கனம் தெரியணும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

கடைக்குள்ள நுழைஞ்சதும் முதலில் உயரத்தைப் பாருங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள டப்பாவின் விளிம்பைத் தாண்டி ஒரு அடிக்கு மலை மாதிரி குவிச்சு, மேல பழம், பிஸ்கட், சாக்லேட் எல்லாம் சொருகி வச்சிருந்தா, போட்டோ எடுத்துட்டு வெளியே வந்துடுங்க. காரணம் எளிமை. அந்தப் பெட்டியில் குளிர் ஒழுங்கா இருப்பது டப்பாவுக்குள்ளதான். விளிம்புக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதி சூடாகும். பாலும் கிரீமும் சர்க்கரையும் மட்டும் இருந்தா, மைனஸ் 12-ல் அப்படி ஒரு கோபுரம் நாள் முழுக்க நிற்காது, சரிஞ்சிடும். அது நிற்கணும்னா, அந்தச் சூட்டிலும் கெட்டியா இருக்கிற தாவரக் கொழுப்பு வேணும். ஸ்டெபிலைசரும் எமல்சிஃபையரும் தூக்கலா வேணும். காற்றும் வேணும். கொஞ்சம் அலை மாதிரி வழிச்சு அழகா வச்சிருப்பது தப்பில்லை. சந்தேகப்பட வேண்டியது மலையைத்தான்.

அடுத்தது நிறம். இங்கதான் நம்ம ஊர்ப் பழக்கம் நம்மை ஏமாத்தும். நம்ம துணிக்கடையில் ‘பிஸ்தா கலர்’னு கேட்டா ஒரு இளம்பச்சையை எடுத்துப் போடுவாங்க. சின்ன வயசுல இருந்து நாம சாப்பிட்ட பிஸ்தா ஐஸ்கிரீமும் அதே பச்சைதான். ஆனா நிஜ பிஸ்தாவை வறுத்து அரைச்சுப் பாலில் கலந்தா, மங்கலான பழுப்பு கலந்த பச்சைதான் வரும். பார்க்க அவ்வளவு அழகா இருக்காது. அதைத்தான் நீங்க தேடணும். பளிச்சென்ற பச்சை இருந்தா நிறமி சேர்த்திருக்காங்க.

பிஸ்தாவுக்குப் பக்கத்தில் ‘ப்ரோன்தே’ என்று எழுதியிருந்தா அதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ப்ரோன்தே என்பது சிசிலித் தீவில் எட்னா எரிமலைச் சரிவில் இருக்கும் ஊர். அந்தப் பச்சை பிஸ்தாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைச்சிருக்கு. அங்க அறுவடை ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான். உலகத்து பிஸ்தாவில் பெரும்பகுதி அமெரிக்கா, ஈரான், துருக்கி நாடுகளில் இருந்து வருது. ப்ரோன்தேயின் பங்கு ரொம்பச் சின்னது. அவ்வளவு அரிதான பொருளைப் போட்டிருக்கிற கடை அதற்கேற்ற விலை வைக்கும், எங்கே வாங்கினாங்கன்னு கேட்டாலும் சொல்லும். எல்லாச் சுவைக்கும் ஒரே விலை, ‘ப்ரோன்தே’ மட்டும் கொட்டை எழுத்தில், கேட்டா பதில் இல்லை என்றால் நம்ப வேண்டாம்.

வாழைப்பழ ஜெலாட்டோ மஞ்சளா இருக்கக் கூடாது. வாழைப்பழத்தில் தோல்தான் மஞ்சள். நறுக்கி வச்ச பழம் கொஞ்ச நேரத்தில் எப்படிக் கருக்கும்னு நம்ம வீட்டிலேயே பார்த்திருக்கோம். அதனால் நிஜ வாழைப்பழ ஜெலாட்டோ வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். எலுமிச்சை வெள்ளையா இருக்கணும், சாற்றில் மஞ்சள் எங்கே இருக்கு? புதினா இலையைப் பாலில் ஊற வச்சு எடுத்தா வெள்ளையா, இல்லைன்னா லேசான பச்சையா வரும். டூத்பேஸ்ட் பச்சை வராது. ஸ்ட்ராபெர்ரியில் விதைகள் கண்ணுக்குத் தெரியணும். வெனிலாவில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதை மட்டும் வச்சு ஏமாறாதீங்க. சாறு எடுத்து முடிஞ்ச வெனிலா விதையைத் தனியா வாங்கித் தூவ முடியும்.

‘பூஃபோ’ என்று ஒரு வானநீல ஜெலாட்டோ பல கடைகளில் இருக்கும். ஸ்மர்ஃப் கார்ட்டூனின் இத்தாலியப் பெயர் அது. அந்த நிறத்தில் எந்தப் பழமும் கிடையாது, குழந்தைகளுக்காக வைக்கிறாங்க. ஒரு நீல டப்பாவுக்காக ஒரு நல்ல கடையை ஒதுக்க வேண்டாம். பெட்டி முழுக்க ஹைலைட்டர் பேனா நிறங்களா இருந்தா ஒதுக்குங்க.

சில கடைகளில் ஜெலாட்டோவே கண்ணுக்குத் தெரியாது. வட்ட எஃகு மூடி போட்ட குழிகள் வரிசையா இருக்கும். ‘பொட்செத்தி’ என்று சொல்வாங்க. இது பழைய முறை. வெளிச்சமும் காற்றும் படாமல், குளிர் ஒரே சீரா இருக்கும். காட்சிக்கு வைக்காமல் விற்கிற தைரியம் இருக்கு என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனா மூடிக்குள்ளயும் பவுடர் ஜெலாட்டோவை வைக்கலாம். மூடியைப் பார்த்ததும் முடிவு பண்ணிடாதீங்க.

நாக்கால் பார்க்க வேண்டியவை

வாங்குறதுக்கு முன்னாடி ருசி பார்க்கக் கேட்பது அங்க சகஜம். “போஸ்ஸோ அஸ்ஸாஜ்ஜாரே?” என்று கேட்டா, சின்ன ஸ்பூனில் கொடுப்பாங்க. கூச்சப்படாதீங்க.

எதைக் கேட்பது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கயும் செல்லும். பால் ஜெலாட்டோவுக்குப் பதம் ‘ஃபியோர் தி லாத்தே’. பால், கிரீம், சர்க்கரை மட்டும்தான். முட்டை இல்லை, வெனிலா இல்லை, ஒளிஞ்சுக்க எதுவுமே இல்லை. வாயில் வச்சதும் காய்ச்சின நல்ல பாலின் மணம் வரணும். வெறும் இனிப்பு வந்தாலோ, பால்பவுடர் வாடை வந்தாலோ, அந்தக் கடையின் மற்ற எல்லாப் பால் சுவைகளுக்கும் அதுதான் அடித்தளம் என்று புரிஞ்சுக்கலாம். பழச் சுவைக்குப் பதம் எலுமிச்சை. தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. புளிப்பு முன்னால் வரணும், இனிப்பு பின்னால் வரணும். பால் வேண்டாம் என்கிறவங்களுக்கும் இதுதான் வசதி.

நம்ம கெமிஸ்ட்ரி வேலைக்கு வரும் இடம் சர்க்கரை. உப்போ சர்க்கரையோ கரைஞ்சா தண்ணீரின் உறைநிலை குறையும், எவ்வளவு மூலக்கூறுகள் கரைஞ்சிருக்கு என்பதைப் பொறுத்துக் குறையும். எக்ஸாமுக்கு மட்டும் படிச்சுட்டு மறந்த விஷயம். சாதாரணச் சர்க்கரையின் மூலக்கூறு எடை 342, டெக்ஸ்ட்ரோஸின் எடை 180. அதனால் ஒரே எடைக்கு டெக்ஸ்ட்ரோஸில் கிட்டத்தட்ட 1.9 மடங்கு மூலக்கூறுகள். உறைய விடாமல் தடுக்கும் சக்தியும் அதே அளவு அதிகம். ஆனா இனிப்பு சர்க்கரையில் சுமார் 70 சதவீதம்தான். இந்த ரெண்டு எண்களையும் இத்தாலிய ஜெலாட்டோ கைவினைஞர்கள் ‘பாக்’, ‘போட்’ என்று சுருக்கமாச் சொல்வாங்க. முதலாவது உறையாமல் தடுக்கும் சக்தி, ரெண்டாவது இனிப்பாக்கும் சக்தி. ஒவ்வொரு சுவைக்கும் ரெண்டையும் தனித்தனியாக் கணக்குப் போட்டு, எந்தச் சர்க்கரை எவ்வளவு என்று தீர்மானிப்பாங்க. எல்லா டப்பாவும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, சாக்லேட்டும் எலுமிச்சையும் ஒரே பதத்தில் வழிஞ்சு வரணும் இல்லையா? அதுக்குத்தான் இந்தக் கணக்கு.

கணக்கு தப்பினா உங்களுக்கே தெரியும். ஒரு டப்பா கல்லு மாதிரி, பக்கத்து டப்பா கூழ் மாதிரி இருக்கும். மென்மை வேணும்னு வெறும் சர்க்கரையையே கொட்டியிருந்தா, தின்னு முடிச்ச அஞ்சாவது நிமிஷம் தண்ணி தேடுவீங்க. வாயில் வச்சதும் பல் கூசற அளவு குளிர் அடிச்சா, தண்ணீர் அதிகம், படிகம் பெரிசு. நறநறன்னு இருந்தா, உருகி மறுபடி உறைஞ்சிருக்கு. தின்ன பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கிட்டா, அது வாயின் சூட்டில் உருகாத கொழுப்பு. நல்ல ஜெலாட்டோ சுத்தமாப் போயிடும், ருசி மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

படிக்க வேண்டியவை

இதை ரொம்பப் பேர் செய்யறதில்லை. இத்தாலியில் பாக்கெட் போடாமல் விற்கும் உணவுக்கும் பொருட்பட்டியலை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்கணும். சுவரில் ஒட்டியிருக்கும், இல்லைன்னா கல்லாப் பக்கம் ஒரு ஃபைல் இருக்கும். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். ‘லாத்தே’ என்றால் பால், ‘பன்னா’ என்றால் கிரீம். பட்டியல் இந்த வார்த்தைகளோடு தொடங்கினா நல்லது. ‘கிராஸ்ஸி வெஜெத்தாலி’ என்றால் தாவரக் கொழுப்பு, ‘கொலொரான்தி’ என்றால் நிறமி, ‘அரோமி’ என்றால் வாசனைப் பொருள். பிஸ்தா ஜெலாட்டோவின் பட்டியலில் பிஸ்தாவுக்கு முன்னாடி இவையெல்லாம் வரிசைகட்டி நின்னா, பதில் கிடைச்சாச்சு. முட்டை சாப்பிடாதவங்களுக்கும், நட்ஸ் அலர்ஜி இருக்கிறவங்களுக்கும் இந்தப் பட்டியல் இன்னும் முக்கியம். ‘கிரெமா’ என்ற சுவையில் மஞ்சள் கரு இருக்கும்.

இன்னொன்று, காலண்டர். இத்தாலியில் ஸ்ட்ராபெர்ரி வசந்தத்தில் வரும், பீச் கோடையில், அத்தி கோடை முடிவில். டுரினில் நான் இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கடை. பதினாலு சுவைதான் இருக்கும். டிசம்பர்ல போய் ஸ்ட்ராபெர்ரி இருக்கான்னு கேட்டேன். கடைக்கார அம்மா சிரிச்சுக்கிட்டே, “ஏப்ரல்ல வா” என்றாங்க. பதிலுக்கு ஹேசல்நட் கொடுத்தாங்க. டுரின் இருக்கிற பியெமோந்தே மாநிலம் ஹேசல்நட்டுக்குப் பேர் போனது, அங்கத்துப் பருப்புக்குத் தனி புவிசார் குறியீடே இருக்கு. பழுப்பு நிறத்தில், வறுத்த வாசனையோடு, வேற எதுவும் வேண்டாம்னு தோணுற மாதிரி இருந்தது. ஏப்ரலில் நான் இங்க ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஸ்லைடு போட்டுக்கிட்டு இருந்தேன் என்பது வேற கதை. ‘இப்போ இல்லை’ என்று சொல்லத் தெரிஞ்ச கடையை நம்பலாம்.

அதேபோல, ஒரு சின்னக் கடையில் ஐம்பது சுவை இருந்தா யோசிங்க. ஜெலாட்டோவைச் செய்து சில நாளுக்குள்ள விற்கணும். ஐம்பது டப்பாவையும் அப்படிப் புதுசா செய்து, விற்றுத் தீர்க்க எத்தனை பேர் வேலை செய்யணும்? பாட்டிலில் வரும் பேஸ்ட்டை ஒரே அடிக்கலவையில் கலந்தாத்தான் அது எளிதில் நடக்கும்.

தேவையில்லாத பயங்கள்

‘கெமிக்கல் எதுவுமே இருக்கக் கூடாது’ என்று ஒரு குரூப் கிளம்பும். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அந்தக் குரூப்பில் சேர வேண்டாம். பட்டியலில் ‘கர்ரூபே’ என்று இருந்தா அது கரோப் மரத்தின் விதைமாவு. ‘குவார்’ என்று இருந்தா அது நம்ம கொத்தவரை விதையில் இருந்து எடுக்கும் பசை. உலகத்துக்கே அதிகமா விளைவிச்சுக் கொடுப்பது ராஜஸ்தான் உள்ளிட்ட நம்ம நாட்டுப் பகுதிகள்தான். தண்ணீரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, படிகம் பெரிசாகாமல் பார்த்துக்கும் வேலை அதுக்கு. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாப் போடுவாங்க. திறமையான கைவினைஞர்களும் போடுறாங்க. பெயர் புரியலைங்கிறதுக்காகப் பயப்பட வேண்டாம். பாலும் பருப்பும் இருக்க வேண்டிய இடத்தில் வேற ஒன்று இருக்கா என்பதுதான் கேள்வி.

ஃபேக்டரி என்றாலே மட்டம், சின்னக் கடை என்றாலே உசத்தி என்பதும் சரியில்லை. 2003-ல் டுரினில் தொடங்கின குரோம் என்ற கடை, தேர்ந்தெடுத்த பொருட்களை வச்சு ஒரே இடத்தில் கலவையைத் தயாரிச்சு, கிளைகளுக்கு அனுப்பி, அங்க உறைய வச்சு வித்தது. 2015-ல் யூனிலீவர் அதை வாங்கியது. அதைக் கைவினைன்னு சொல்லலாமா என்று இத்தாலியில் பெரிய விவாதமே நடந்தது. அந்த விவாதம் வார்த்தையைப் பற்றியது. ஒரே ஆள் நடத்துற சின்னக் கடையில் பவுடர் ஜெலாட்டோவும் கிடைக்கும், கிளைகள் உள்ள கடையில் நல்லதும் கிடைக்கலாம். மெஷினும் எதிரி இல்லை. போலோன்யாவில் 1946-ல் தொடங்கின கார்பிஜானி போன்ற நிறுவனங்களின் மெஷின்கள் வந்ததால்தான் ஒரு சின்னக் குடும்பம்கூட தினமும் புதுசா செய்து விற்க முடியுது.

“டேய், ஐஸ்கிரீம் தானேடா”

இதைப் படிச்சதும் நம்ம ஃப்ரெண்ட்ஸ் கேட்கப்போறது இதுதான். ருசி அவங்கவங்க இஷ்டம், பச்சைப் பிஸ்தா பிடிச்சா சாப்பிட்டுப் போறாங்க, உனக்கு என்ன? நியாயமான கேள்விதான். எசென்ஸ் வாசனை பிடிச்சவங்க சாப்பிடட்டும், எனக்கும் சில நாள் அது வேணும். ஆனா எசென்ஸை எசென்ஸ்னு சொல்லி, அதுக்கான விலைக்குக் கொடுக்கணும். பிஸ்தான்னு பெயர் போட்டு, பிஸ்தா விலை வாங்கிட்டு, எசென்ஸ் தரும்போது அங்க ருசிப் பிரச்சினை முடிஞ்சு, ஏமாத்துற பிரச்சினை தொடங்குது.

நம்ம நாட்டில் இதுக்கு ஒரு சின்ன விடை இருக்கு. இங்க ஐஸ்கிரீம்னு பெயர் போடணும்னா பால்கொழுப்பு வேணும். தாவர எண்ணெய் சேர்த்தா ‘ஃப்ரோசன் டெசர்ட்’னுதான் போடணும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்லுது. ரெண்டும் கடையில் ஒரே ஃப்ரீசரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சு எடுக்கிறவங்க நம்மில் எத்தனை பேர்? விதி இருக்கும் ஊரிலேயே நாம படிக்கலைன்னா, விதி இல்லாத ஊரில் கேட்கவே வேண்டாம். அதனால் இத்தாலி போகாதவங்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும். இன்னிக்கு சாயங்காலம் கேன்டீன் ஃப்ரீசரிலேயே ஆரம்பிக்கலாம்.

ஸ்டார் ரேட்டிங் பார்த்துக்கலாமே என்றால், டூரிஸ்ட் தெருக் கடைக்கு ஸ்டார் போடுறவங்க பெரும்பாலும் நம்மை மாதிரி வந்து போறவங்கதான். பச்சையையும் மலையையும் பார்த்து மயங்கினவங்க ஸ்டாரும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கும். அந்த ஊர் மக்கள், குறிப்பா வயசானவங்க, சாயங்காலம் எந்தக் கடை வாசலில் நிற்கிறாங்கன்னு பாருங்க. அதைவிட நல்ல ரேட்டிங் கிடையாது.

ஆகவே, இந்த செப்டம்பரில் கிளம்பப் போறவங்க மனசில் வச்சுக்க நாலே விஷயம். மலையா குவிச்சிருந்தா வேண்டாம். நிறம் மங்கலா இருந்தா உள்ளே போங்க. ஃபியோர் தி லாத்தேயும் எலுமிச்சையும் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்குங்க. பொருட்பட்டியலைக் கேளுங்க. மொத்தமே ரெண்டு நிமிஷ வேலை. கேட்கும்போது கடைக்காரர் முகத்தையும் பாருங்க. நல்லா செய்கிறவருக்கு இந்தக் கேள்விகள் ரொம்பப் பிடிக்கும், எந்தப் பருப்பு, எந்தப் பால்னு அவரே பேச ஆரம்பிச்சிடுவார். பின்னால் கியூ நீளும், நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்க. அவருக்கு உங்க மூணு யூரோ போய்ச் சேரட்டும்.